ஸ்கார்வ்டால் சுரங்கத்தைப் பார்வையிட்ட படலம்

தோண்டி முடித்த மலையிடம் மன்னிப்புக் கேட்கும் நாகரிகம் உலகத்தில் ஒரேயொரு நாட்டுக்குத்தான் உண்டு. அது நோர்வே. அந்த மன்னிப்பை எழுத்தில் தயாரித்து, இலக்கமிட்டு, மலையின் சார்பில் தானே ஏற்றுக்கொண்டு கையொப்பமும் இடுகின்ற பணியகம் ஒஸ்லோத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறது. அதில் மூத்த நடைமுறை ஆலோசகராக இருப்பவன் நான். பெயர் ஞானசேகரம். திருகோணமலையில் பிறந்து, ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில் குடியிருந்துகொண்டு, துருவக் கரடி நடமாடும் மண்ணுக்குத் தீர்ப்பு வழங்கும் தமிழன் என்னைத் தவிர வேறு எவரும் இல்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்லும் வேலையை என் மனைவி பூரணி பார்த்துக்கொள்கிறாள்.

எங்களுடையது 'நிலமீட்புப் பணியகம்'. மீட்பு என்பது ஆழமான சொல். எதை மீட்பது, யாரிடமிருந்து மீட்பது, யாருக்காக மீட்பது என்று சட்டம் எங்கும் விளக்கவில்லை. ஆகவே பணியகம் தன் விருப்பப்படி விளங்கிக்கொள்ளலாம். சுரங்கம் வெட்டுகிற கம்பனி, வெட்டத் தொடங்கும்போதே ஒரு பெருந்தொகையைப் பிணையாக அரசிடம் கட்ட வேண்டும். வெட்டி முடித்த பின் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் தொகை திரும்பக் கிடைக்கும். கொண்டுவராவிட்டால் அரசு அந்தத் தொகையை எடுத்துத் தானே திருத்த வேண்டும். அதாவது, பிணையை விடுவித்தால் எங்களுக்கு ஒரு கையொப்பம்தான் வேலை. விடுவிக்காவிட்டால் மண், மலை, யந்திரம், கப்பல் என்று உண்மையான வேலை தொடங்கிவிடும். பொறுப்புள்ள எந்தப் பணியகமும் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதை வாசகர்களின் அறிவுக்கே விட்டுவிடுகிறேன்.

வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளில், ஸ்கார்வ்டால் என்ற பள்ளத்தாக்கில், ஒரு கம்பனி பல காலமாக நிலக்கரி வெட்டி வந்தது. கரி முடிந்தது. கம்பனி சுரங்கத்தின் வாயை அடைத்தது. இரும்புத் தண்டவாளங்களைக் கழற்றி விற்றது. கழிவுக் குவியல்களைச் சரித்து மேலே மண் பரப்பியது. பிறகு அதன் இயக்குநர் தூர்ஸ்தைன் எங்கள் பணியகத்துக்கு வந்து, பள்ளத்தாக்கு தன்னுடைய கன்னித்தன்மையை மீளப் பெற்றுவிட்டது என்று தெரிவித்தார். அவர் உயரமான, அன்பான மனிதர். பனிச்சறுக்கில் வெயில் பட்டுச் சிவந்த முகம். வரும்போதெல்லாம் பேக்கரியிலிருந்து கறுவாப் பணிஸ் வாங்கி வருவார். அது லஞ்சம் அல்ல. எல்லோருக்கும் சமமாகக் கொடுக்கப்படுவதால் அது 'சூழல்'.

எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். இடையில் மரியரஞ்சனி இருந்தார்.

மரியரஞ்சனி மன்னாரைச் சேர்ந்தவர். நோர்வேயில் படித்து நீரியலில் பட்டம் வாங்கியவர். எங்கள் பணியகத்தில் வெளிக்கள வேலைக்கென்று இருந்த ஒரே ஆள். அவரும் அம்மருட்டில்தான், என்னுடைய கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில், கணவனோடும் மகள் சிந்தியாவோடும் குடியிருந்தார். என்னை அண்ணை என்று கூப்பிடுவார். நல்ல பிள்ளை. ஒரேயொரு குறை: ஓர் இடத்தைப் பற்றி எழுத முதல் அந்த இடத்துக்குப் போய்வரும் பழக்கம் அவரிடம் இருந்தது.

கோடையில் அவர் ஸ்கார்வ்டாலுக்குப் போய்வந்தார். திரும்பி வந்தபோது அவருடைய இறப்பர்ச் சப்பாத்துகள் கணுக்கால் வரை செம்மஞ்சளாக இருந்தன. அவற்றை அவர் காரியாலய நடைபாதையில் கழற்றி வைத்தார். கம்பளத்தில் நிறம் பிடித்துவிட்டது. பணியகம் உடனடியாகவும் மிகக் கடுமையாகவும் நடவடிக்கை எடுத்தது. வெளிக்களச் சப்பாத்துகளை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் போனது. அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கம்பளப் பராமரிப்புப் பிரிவின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது.

அவர் கொண்டுவந்த செய்தி இதுதான். சுரங்கத்தின் வாயை அடைத்தார்களே தவிர, மேலேயிருந்து உள்ளே நீர் இறங்கும் வெடிப்புகளை அடைக்கவில்லை. உள்ளே போகும் நீர் கல்லோடு சேர்ந்து அமிலமாகி, இரும்பையும் வேறு உலோகங்களையும் கரைத்துக்கொண்டு, பரப்பிய மண்ணுக்குக் கீழாலே கசிந்து ஆற்றில் சேருகிறது. ஆறு செம்மஞ்சள் நிறத்தில் ஓடுகிறது. ஆற்றின் வாயில் முன்னர் கூடு கட்டிய வாத்துகள் இப்போது வருவதில்லை. வெடிப்புகளை அடைத்து நீரைத் திருப்பிவிட்டால் சரிப்படுத்தலாம். செலவு கிட்டத்தட்ட பிணைத்தொகை முழுவதும் பிடிக்கும்.

இந்தக் கடைசி வசனம்தான் எல்லோரையும் நோகடித்தது.

எங்கள் பிரிவுத் தலைவி சிக்ரிட் மென்மையான பெண்மணி. எவரையும் மறுத்துப் பேசமாட்டார். மரியரஞ்சனி சொன்னதை முழுவதும் தலையசைத்துக் கேட்டார். அதில் தனக்கு மிகுந்த மதிப்பு இருக்கிறது என்றார். பின்னர், ஓர் ஆறு என்ன நிறத்தில் ஓட வேண்டும் என்பதில் நாங்கள் முன்முடிவோடு இருக்கக் கூடாது என்றார். பல்வகைமை பற்றிப் பணியகம் நடத்திய பயிற்சி நாளில் அவர் பெற்ற பயன் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஒரு பக்கம் கம்பனி, நிலம் சரி என்கிறது. மறுபக்கம் மரியரஞ்சனி, சரியில்லை என்கிறார். இத்தகைய நிலையில் நடுநிலையான பார்வையிடல் ஒன்று நடத்தப்பட வேண்டும் என்று விதி சொல்கிறது. எப்போது, எப்படி என்பதை நடைமுறை ஆலோசகர் தீர்மானிப்பார். அது நான்.

நான் ஆழ்ந்து சிந்தித்தேன். பிணையை விடுவிக்கக் கேட்ட விண்ணப்பத்தில் கம்பனி தை மாதத்தைப் பரிந்துரைத்திருந்தது. விண்ணப்பதாரியின் வசதியைக் கேட்பது பொதுச் சேவையின் அடிப்படை. அடுத்தது பயணம். சுற்றுச்சூழலுக்குத் தீங்கு நேர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு குழு விமானத்தில் ஏறிப் போனால், அந்த விமானமே சுற்றுச்சூழலுக்குத் தீங்கு. ஆகவே பார்வையிடல் ஒஸ்லோவில் இருந்தபடியே நடக்கும். பள்ளத்தாக்கில் ஒரு கமெரா பூட்டப்படும். குழு அதைக் கூட்ட அறைத் திரையில் பார்க்கும். சிக்ரிட் என் யோசனையைக் கேட்டுக் கண் கலங்கினார். பணியகத்தின் பசுமை அறிக்கையில் அதற்கு ஒரு பந்தி ஒதுக்கப்பட்டது.

தை மாதத்தில் ஸ்வால்பார்ட்டில் சூரியன் உதிப்பதில்லை என்று மரியரஞ்சனி எழுதியனுப்பினார். அதை நான் கோப்பில் சேர்த்தேன். வானியல் எங்கள் துறை அல்ல.

குறித்த நாளில், மதிய உணவுக்குச் சற்று முன்னர், குழு கூடியது. சிக்ரிட் தலைமை. ஒரு பக்கம் தூர்ஸ்தைன், பணிஸ் பெட்டியோடு. எதிரே மரியரஞ்சனி. சட்டப்பிரிவிலிருந்தும் நிதிப்பிரிவிலிருந்தும் சிலர். கமெராவையும் திரையையும் இயக்குவதற்கு வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த பிரகதீஷ் என்ற கோயம்புத்தூர்க்காரர். வந்து அதிக காலம் ஆகவில்லை, நோர்வேஜியன் அரைகுறை. நான் தமிழன் என்று தெரிந்ததும் அவருக்குப் பெரிய ஆறுதல். என்னுடைய தமிழைக் கேட்டுவிட்டு, நீங்க கேரளாவா சார் என்று கேட்டிருந்ததை நான் பெருந்தன்மையோடு மறந்துவிட்டேன்.

திரை இயங்கியது. ஸ்கார்வ்டால் தோன்றியது.

அது கறுப்பாக இருந்தது. சாதாரணக் கறுப்பு அல்ல. ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சற்றும் மாசில்லாத கறுப்பு. குழு அதைக் கவனமாகப் பார்த்தது. சட்டப்பிரிவுப் பெண் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் பார்த்தார். நிதிப்பிரிவு மனிதர் எழுந்து திரைக்குக் கிட்டப் போய் இடப்பக்க மூலையைப் பார்த்து, பிறகு வலப்பக்க மூலையையும் பார்த்து, திருப்தியோடு வந்து அமர்ந்தார். பணிஸ் மெல்லும் ஓசை மட்டும் கேட்டது.

"மிகவும் அமைதியான இடம்" என்றார் சிக்ரிட் கடைசியில்.

சுரங்கம் இருந்த இடம் எது, இல்லாத இடம் எது என்று தன்னாலேயே பிரித்தறிய முடியவில்லை என்று தூர்ஸ்தைன் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னார். சட்டப்பிரிவு அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டது. விதியில் உள்ள சொற்களும் அவைதான்: மீளமைத்த நிலம் 'சுற்றுப்புறத்திலிருந்து பிரித்தறிய முடியாததாக' இருத்தல் வேண்டும்.

அப்போது அறையில் ஒரு சத்தம் கேட்டது. களகளவென்று நீர் ஓடுகிற சத்தம். பிரகதீஷ் என்னிடம் குனிந்து, "சார், மைக்ல தண்ணி சத்தம் வருது சார்" என்றார்.

மரியரஞ்சனி நிமிர்ந்தார். எல்லா ஆறுகளும் உறைந்து கிடக்கும் காலம் இது, சுத்தமான நீர் என்றால் இந்நேரம் கல்லாக இருக்கும், சுரங்கத்துக்குள்ளிருந்து வெளியேறும் அமில நீர் சூடாக இருப்பதால்தான் இன்னும் ஓடுகிறது, நீங்கள் கேட்பது அதைத்தான் என்று நோர்வேஜியனில் நிதானமாக விளக்கினார். ஒரு கணம் எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். இருட்டுக்குள்ளே யாரோ ஒருவர் மூச்சு விடாமல் எதையோ சொல்லிக்கொண்டே போவது போல அது ஓடிக்கொண்டிருந்தது.

சிக்ரிட் என்னைப் பார்த்தார். நான் விதியைப் பார்த்தேன். நடைபெறுவது 'பார்வையிடல்' என்று சுட்டிக்காட்டினேன். கேட்டல் இதில் அடங்காது. சத்தத்தை அணைக்குமாறு பிரகதீஷுக்குச் சொன்னேன். அவர் அணைத்தார். பள்ளத்தாக்கு தன் பழைய அமைதிக்குத் திரும்பியது.

மரியரஞ்சனி சுலபத்தில் விடுகிறவர் அல்ல. கமெராவில் விளக்கு இல்லையா என்று பிரகதீஷைக் கேட்டார். தமிழில்தான் கேட்டார்.

"இருக்கு மேடம். நல்ல பவர்ஃபுல் லைட். ஒரு பட்டன்தான்" என்று சொல்லிப் பிரகதீஷ் விரலை அந்தப் பொத்தானுக்கு மேலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அறை முழுவதும் என்னைப் பார்த்தது. விளக்கைப் போடலாமா என்ற கேள்வி நடைமுறைக் கேள்வி. ஆகவே அது என்னுடைய கேள்வி. தூர்ஸ்தைன் பணிஸ் பெட்டியை மூடினார். அவருடைய சிவந்த முகம் முதல்முறையாக வெளுத்ததைக் கண்டேன்.

நிலம் 'இயற்கையான நிலையில்' பார்வையிடப்பட வேண்டும் என்று விதி சொல்கிறது என நான் விளக்கினேன். அந்தப் பள்ளத்தாக்கில் இந்தப் பருவத்தின் இயற்கையான நிலை இருட்டு. விளக்கு என்பது மனிதத் தலையீடு. போதாக்குறைக்கு, அங்கே ஏதாவது மிருகம் இருந்தால் அதற்கும் இடைஞ்சல். மிருகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் விளக்கைப் போட வேண்டும், விளக்கைப் போட்டால் மிருகத்துக்கு இடைஞ்சல். ஆகவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே இயற்கைக்கு நாம் செய்யும் மரியாதை. இதை எழுதும்போதுகூட எனக்குப் புல்லரிக்கிறது. சட்டப்பிரிவுப் பெண் என்னைப் பார்த்து மெல்லக் கைதட்டினார்.

பிரகதீஷ் விரலை எடுத்துவிட்டார்.

தீர்மானம் ஏகமனதாக, ஒருவர் மட்டும் மாறுபட, நிறைவேறியது: 'பார்வையிட்டதில் குறை எதுவும் காணப்படவில்லை.' இந்த வசனத்தில் ஒரு பொய் இருந்தால் எவரும் எனக்குக் காட்டலாம். தூர்ஸ்தைன் எழுந்து, இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த அதிகாரிகளைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று சொல்லி எல்லோருக்கும் கைகொடுத்தார். மரியரஞ்சனிக்கும் கொடுத்தார். அவர் கொடுத்த கையைப் பிடித்தபடி, அந்த வாத்துகள் திரும்பி வந்தனவா என்று மரியரஞ்சனி கேட்டார். இந்தக் கமெராவில் அதுவும் தெரிந்திருக்க வேண்டுமே என்றார் தூர்ஸ்தைன்.

அன்று வீடு திரும்பும்போது நானும் மரியரஞ்சனியும் ஒரே ரயிலில் போனோம். T-பான் என்னும் அந்த நகர ரயில் சுரங்கப்பாதையிலிருந்து வெளியே வந்து குரோருட் பள்ளத்தாக்கின் ஓரமாக ஏறத் தொடங்கியது. பனி மூடிய கட்டடங்களின் யன்னல்களில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மரியரஞ்சனி கோபமாகப் பேசுவார் என்று நான் எதிர்பார்த்து, ஏற்ற பதில்களை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"அண்ணை, நான் அந்த ஆத்துக்குள்ள நிண்டனான்" என்றார். "உங்களுக்கு உண்மையாவே அந்தத் திரையில ஒண்டும் தெரியேல்லையோ?"

"ஒண்டும் தெரியேல்லைப் பிள்ளை" என்றேன். முழு உண்மை அது.

என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அவருடைய முகம் இளகியது. கண் பார்வை குறைந்த ஒருவரை வீதி கடக்க வைக்கும்போது வருமே, அப்படி ஒரு பரிவு. "சரி அண்ணை. பறவாயில்லை" என்றார். அம்மருட்டில் இறங்கும்போது பனியில் வழுக்கும், பார்த்து வாருங்கள் என்று எனக்கு எச்சரிக்கையும் சொன்னார்.

பணியகம் மாற்றுக் கருத்துகளை மிகவும் மதிக்கிறது. மரியரஞ்சனி எழுதிய மாறுபாட்டு அறிக்கை நீளமாக இருந்தது. ஆற்றின் நிறம், நீரின் அமிலத்தன்மை, வெடிப்புகள் இருக்கும் இடங்கள் எல்லாம் அதில் இருந்தன. அதை முழுவதும் இணைக்க இடமில்லாததால் அடிக்குறிப்பாகச் சுருக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அதை 'களத்தில் பருவகால நிற அனுபவம் ஒன்று பதிவாகியுள்ளது' என்று சுருக்கினேன். அடிக்குறிப்பு என்ற சொல்லில் குறிப்பு எங்களுடையது, அடி அவருக்கு.

பிணைத்தொகை விடுவிக்கப்பட்டது. சிறிய வைபவம் ஒன்று நடந்தது. வாஃபலும் பழுப்புச் சீஸும் பரிமாறப்பட்டன. அதற்குப் பிறகு வசந்த காலத்தில் பணியகம் 'மறுசீரமைப்பு' செய்யப்பட்டது. இனிமேல் பார்வையிடல்கள் எல்லாம் திரை மூலமே நடக்கும் என்பதால், இடத்துக்குப் போய்வரும் பதவி ஒன்று தேவையில்லை என்று கண்டறியப்பட்டது. அந்தப் பதவியில் தற்செயலாக மரியரஞ்சனி இருந்தார். சிக்ரிட் அவரைக் கட்டியணைத்து விடைகொடுத்தார். அவருடைய துணிவு தனக்கு என்றும் ஓர் உந்துதலாக இருக்கும் என்றார். மரியரஞ்சனி தன் பொருட்களை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு, நடைபாதைக் கம்பளத்தின் அந்தச் செம்மஞ்சள் கறையைத் தாண்டி நடந்து போனார். இப்போது குரோருட்டில் ஒரு பாடசாலையில் ஆசிரியர்கள் சுகவீனமாகும் நாட்களில் மட்டும் கூப்பிடப்பட்டு விஞ்ஞானம் படிப்பிக்கிறார்.

ஆடி மாதத்தில் ஸ்வால்பார்ட்டில் சூரியன் மறைவதேயில்லை. இது பற்றி எங்களை எவரும் எச்சரிக்கவில்லை. சுற்றுலாக் கப்பல் ஒன்று ஸ்கார்வ்டாலின் வாயில் நின்றபோது, பயணிகள் முந்நூறு பேர் மேல்தளத்தில் நின்று செம்மஞ்சள் ஆறு ஒன்று நீலக் கடலில் கலப்பதைப் படம் பிடித்தார்கள். அழகான காட்சி என்று நினைத்துத்தான் பிடித்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் காரணம் கேட்க, படம் பத்திரிகைக்குப் போய்விட்டது.

பத்திரிகையாளர்களுக்கான பதிலைத் தயாரிக்கும் பொறுப்பும் எனக்கே தரப்பட்டது. குறித்த படம் கோடையில், பகலில், நேரில் சென்று எடுக்கப்பட்டது என்றும், ஆகவே பணியகத்தின் பார்வையிடல் நிபந்தனைகள் எதனையும் அது பூர்த்தி செய்யவில்லை என்றும் எழுதினேன். சிக்ரிட் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, இதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்றார்.

கம்பனியைக் கூப்பிட்டோம். கம்பனி இல்லை. பிணைத்தொகை கைக்கு வந்த மறு மாதமே கம்பனியைக் கலைத்துவிட்டார்கள். தூர்ஸ்தைன் இப்போது ஸ்பெயினில் வெயில் காய்கிறார். நிலமீட்பு பற்றிக் கம்பனிகளுக்கு ஆலோசனை சொல்கிறாராம். நல்ல கிராக்கி என்று கேள்வி. மலையின் வெடிப்புகளை அடைக்கிற செலவு அரசின் தலையில், அதாவது வரி கட்டுகிற எல்லோருடைய தலையிலும், வந்து விழுந்தது. அதை மேற்பார்வை செய்ய எங்கள் பணியகத்தில் ஒரு புதிய பிரிவே திறக்கப்பட்டது. அதற்குத் தலைவராக என்னை நியமித்தார்கள். பூரணி அன்று வட்டிலாப்பம் செய்தாள்.

எனக்குக் காரியாலயத்துக்கு வெளியேயும் ஒரு பொதுப் பொறுப்பு உண்டு. அம்மருட்டில் எங்கள் அடுக்குமாடிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு விருந்து மண்டபம் இருக்கிறது. குடியிருப்போர் பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, திருமண நினைவுநாள் என்று எடுப்பார்கள். எடுக்கும்போது ஒரு பிணைப்பணம் கட்ட வேண்டும். மண்டபத்தை இருந்தபடியே திருப்பிக் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். மண்டபப் பொறுப்பாளராகச் சங்கம் என்னைத் தெரிவுசெய்திருக்கிறது. அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்றார்கள்.

புரட்டாதியில் மரியரஞ்சனி அந்த மண்டபத்தை எடுத்தார். மகள் சிந்தியாவுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள். நானும் பூரணியும் போயிருந்தோம். ஆட்டிறைச்சிப் புரியாணி, எல்லிங்ஸ்ருட்டில் இருந்து அவருடைய கணவனின் தமையன் வந்து நின்று சமைத்தது. பிள்ளைகள் ஆடினார்கள். ஆசிரியர் வேலை நிரந்தரமாகவில்லை, பிள்ளைக்கு ஆசைப்பட்டுச் செய்கிறேன் என்று மரியரஞ்சனி பூரணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிணைப்பணம் திரும்பக் கிடைத்ததும் சிந்தியாவுக்குக் கணினி வாங்கக் கொடுப்பதாக இருக்கிறாராம்.

மறுநாள் மதியம் நான் மண்டபத்தைப் பார்வையிடப் போனேன். மரியரஞ்சனியும் கணவனும் காலையிலிருந்து நின்று கழுவியிருந்தார்கள். நிலம் பளபளத்தது. நான் முதலில் யன்னல் சீலைகளை முழுவதும் விலக்கினேன். நல்ல வெயில். அது போதாது என்று மண்டபத்தின் எல்லா விளக்குகளையும் போட்டேன். சமையலறை அலுமாரிகளைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தடவினேன். கதிரைகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். குழாயைத் திறந்து நீர் ஓடும் சத்தத்தைக் காதைக் கொடுத்துக் கேட்டேன். பிறகு முழங்காலிட்டு, கைத்தொலைபேசியின் விளக்கையும் போட்டு, சுவரோடு பொருத்தியிருந்த வெப்பமூட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

அங்கே இருந்தது. பயற்றம் விதை அளவு மஞ்சள் கறை ஒன்று. புரியாணியிலிருந்து தெறித்திருக்க வேண்டும்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, சுவரைத் திரும்பப் பூசும்வரை பிணைப்பணத்தை விடுவிக்க முடியாது என்று மரியரஞ்சனிக்குத் தெரிவித்தேன். தனிப்பட்ட முறையில் எனக்குக் கவலைதான் என்றும், ஆனால் இருந்த நிலைக்கு வரவில்லை என்றால் வரவில்லைதான் என்றும் சொன்னேன். அவருடைய கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மரியரஞ்சனி கையைக் காட்டி அவரை மறித்தார்.

வெப்பமூட்டியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூரையில் எரிந்துகொண்டிருந்த விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு திறந்து கிடந்த சீலைகளையும், என் கையில் இன்னும் அணைக்காமல் இருந்த கைத்தொலைபேசியையும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அன்று ரயிலில் கண்ட பரிவு அந்த முகத்தில் இல்லை.

"பாவம், மனிசனுக்குப் பாக்கத் தெரியாது எண்டு நினைச்சுத்தான் அண்ணை நான் உங்களோட கோவிக்கேல்லை" என்றார். மண்டபத்துத் திறப்புக் கொத்தை என் உள்ளங்கையில் வைத்தார். "உங்களுக்கு நல்லாப் பாக்கத் தெரியும்."

பொதுச் சேவையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில், இது ஒன்றைத்தான் நான் இதுவரை எவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.